கல்வெட்டும் வாழ்க்கை வரலாறும்

"கல்வெட்டு" என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழகத்தார் நினைவில் எழுவது கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்ட சாசனமாகும். யாழ்ப்பாணத்தார்க்கோ அச்சொல் வேறொரு பொருளையுந் தரும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளையொட்டி நிகழும் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்னுங் கிரியைகளின்போது, அவரது வரலாற்றைக் கூறி உற்றார் உறவினர்க்கு வழங்கப்பெறும் சிறு நூலையும் நாம் கல்வெட்டென்றே வழங்கி வருகின்றோம். அரசர் தம் கொடையையும் வெற்றியையுங் கல்லில் வெட்டுவித்தனர். நம்மூர்க் கமக்காரனும் ஆசிரியனும் கடைக்காரனும் தம் பிள்ளைகளாற் காகிதத்தில் வெட்டப்பெற்றனர். பெயர் ஒன்றே, பெற்றவர் வேறு.

எளிய மனிதரின் வாழ்க்கை வரலாற்றைப் பேணுதலும் பிறர்க்குப் பகிர்தலும் எவ்வாறு என்பது இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும். இது புதிய பொருளன்று. நம் வீட்டு அலுமாரியிலும் சுவாமி அறைத் தட்டிலும் கிடக்குங் கல்வெட்டுக்களே இதற்கு முதற் பாடநூல்களாம். அவற்றின் குணத்தையுங் குற்றத்தையும் ஆராய்ந்தால் மேற்கொண்டு செய்யவேண்டுவது தானே புலப்படும்.

முன்னோர் கொண்ட நெறி

தமிழிலே வாழ்க்கை வரலாறு எழுதும் மரபு மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தை நாம் பத்தி நூலென்றே பெரும்பாலும் படிக்கின்றோம். அதனை வாழ்க்கை வரலாற்றுத் தொகுதியாகவும் படித்தல் கூடும். அதனுள் அரசர் உளர், அந்தணர் உளர். அவர்களோடு ஒப்பக் குயவராகிய திருநீலகண்டரும், ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், மீன் பிடித்த அதிபத்தரும், வேட்டுவராகிய கண்ணப்பரும், புலைப்பாடியிற் பிறந்த திருநாளைப்போவாரும் உளர். ஒவ்வொருவர்க்கும் நாடும் ஊரும் தொழிலும் கூறிய பின்னரே அவர்தந் தொண்டினைக் கூறுவது அப்புலவரின் நெறி. எளியோர் வரலாறும் எழுதத்தக்கதே என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை. அந்நூலை 1852ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வசன நடையில் வெளியிட்டமையால் அது பாட்டறியாதார்க்கும் எட்டுவதாயிற்று. பேணுதலோடு பகிர்தலும் வேண்டும் என்பதை நாவலர் செயலாற் காட்டினார்.

ஈழத்திலே வரலாறு எழுதினோர் பெரும்பாலும் அரசரையும் புலவரையுமே நோக்கினர். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை அரச பரம்பரையைக் கூறுவது. சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ்ப் புளூட்டாக்கும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகமும் புலவர் வரலாறுகள். அவை இல்லாதிருப்பின் பல புலவரின் பெயரும் நமக்கு எட்டியிராது. ஆயினும் ஏர் பிடித்தவனும், வலை இழுத்தவனும், பானை வனைந்தவளும் அவற்றில் இடம்பெற்றிலர்.

ஒல்லாந்தர் ஆட்சியில் எளியோரும் ஏட்டில் ஏறினர் என்பது உண்மையே. காணித் தோம்பிலே நிலமுடையோர் பெயரும், பள்ளித் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பெற்றன. நம்மவரின் வழக்கங்கள் 1707ஆம் ஆண்டிலே தேசவழமையெனத் தொகுக்கப்பெற்றன. எனினும் வரி வாங்குவோனும் வழக்குத் தீர்ப்போனும் எழுதுவித்த ஏடுகள் அவை. அவற்றுள் நம் முன்னோர் பெயராக நின்றனர், மனிதராக நிற்கவில்லை.

கல்வெட்டின் சிறப்பு

இக்குறையை ஓரளவு நீக்கியது கல்வெட்டென்றே நாம் கருதுகின்றோம். ஆதியில் அது செய்யுளாகவே இருந்தது. இறந்த நாளைக் குறிக்குந் திதி வெண்பா, குல வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், ஈற்றிலே தேற்றம் என்னும் உறுப்புக்களை உடையது. ஊர்ப் புலவர் ஒருவர் பாடுவார். கிரியை முடிவிற் சபையில் ஒருவர் இராகத்தோடு படிப்பார். கேட்டோர் கண்ணீர் விடுவர். பின்னர் அச்சுக்கூடங்கள் பெருகவே அது நூலாயிற்று. காலப்போக்கில் வசனம் புகுந்தது, படம் புகுந்தது, தேவார திருவாசகங்களும் கந்தர் சஷ்டி கவசமும் சேர்ந்தன. இந்நாளிற் பல வண்ணத்தில் அழகிய மலராகவே வெளிவருகின்றது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழ்ந்து மறைந்த நம்மவர்க்கும் அது வழங்கப்பெறுகின்றது.

அரசன் ஆணையின்றியும், புலமைப் பட்டம் இன்றியும், ஒருவன் வாழ்ந்தான் என்னும் ஒரே காரணத்துக்காக அவன் வரலாறு அச்சேறுவது சிறிய காரியமன்று. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்குப் பெண் கொடுத்தனர், இன்னார் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தார், இன்னார் தென்னிலங்கையிற் கடை வைத்தார் என்பனவற்றை வேறெந்நூலிலும் காண்டல் அரிது. ஓர் ஊரின் கல்வெட்டுக்களை எல்லாம் அடுக்கி வைத்தால் அவ்வூரின் நூறாண்டு வரலாறு அங்கே கிடக்கும்.

கல்வெட்டின் குறை

இனி அதன் குறையைக் கூறவேண்டும். அதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூற நமக்கு உரிமையில்லை. ஏனெனில் அக்குறையைச் செய்தவருள் நாமும் ஒருவேம்.

தமிழாசிரியராய் இருப்போர்க்கு ஊரிலே சில கடமைகள் தாமே வந்து சேரும். அவற்றுள் ஒன்று கல்வெட்டு எழுதுவது. செத்தவீடு நடந்த சில நாளிற் பிள்ளைகள் வருவர். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், மக்கள் பெயர், மருமக்கள் பெயர் எழுதிய தாளொன்றைத் தருவர். நாமும் எழுதிக் கொடுப்போம். "வளம் பல நிறைந்த அச்சுவேலிப் பதியில், உயர்குடியில் உதித்து, இல்லறம் இனிது நடாத்தி, விருந்தோம்பலிற் சிறந்து, அன்பும் பண்பும் ஒருங்கே வாய்க்கப் பெற்று" என்று பேனா தானே ஓடும். சில ஆண்டுகளுக்கு முன் நம் அயலில் வாழ்ந்த மூதாட்டியார் ஒருவர்க்கு இவ்வண்ணமே எழுதினோம். முப்பத்தோராம் நாள் மகளார் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "மாஸ்ரர், எல்லாம் வடிவாய்த்தான் எழுதியிருக்கிறியள். ஆனால் இதிலை எங்கடை அம்மாவைக் காணேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அதனாலேயே அது எம்மைச் சுட்டது.

வீடு வந்து நாம் முன்னர் எழுதிய கல்வெட்டுக்களை எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலுள்ள பெயரை மற்றொன்றில் மாற்றி வைத்தாலும் ஒரு பிழையுந் தோன்றாது. அம்மூதாட்டியார் விதவையாகி, இரவில் நெற்குத்தியும் ஓலை இழைத்தும் ஐந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். பாடசாலைக் காசு கட்டவேண்டிய நாளில் முட்டை விற்ற சில்லறையைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தவர். இவற்றை மகளார் பின்னரே எமக்குச் சொன்னார். நாம் முன்னர்க் கேட்கவில்லை. ஆகவே அவர் முன்னர்ச் சொல்லவில்லை.

இன்னுமொன்று. எம் வீட்டுக்கு அணித்தாக ஒரு முதியவர் இருந்தார். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் நம் தோட்டங்களில் துலா மிதித்தவர். துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்போர் எவ்வாறு கால் வைப்பர், கீழே பட்டை பிடிப்பவன் எவ்வாறு குரல் கொடுப்பான், பாத்திக்குத் தண்ணீர் மாறுவோன் விடியற் குளிரில் எவ்வாறு நிற்பான் என்றெல்லாம் கதை கதையாகச் சொல்வார். "தம்பி, எங்கடை கதையிலை என்ன கிடக்கு எழுதிறதுக்கு?" என்று சிரிப்பார். விடுமுறையில் எழுதலாமென்று நாம் இரண்டு விடுமுறைகளைத் தள்ளிவைத்தோம். மூன்றாவது விடுமுறைக்கு அவர் இல்லை. கூலிக்கு உழைத்த அவர் குடும்பத்தார்க்குக் கல்வெட்டு அச்சிடுவிக்க வசதியுமில்லை. அவர் பெயர் இன்று எந்நூலிலும் இல்லை.

ஆகவே கல்வெட்டின் குறைகள் மூன்றெனலாம். இறந்தபின் எழுதப்படுதல் ஒன்று. புகழ்ச்சியால் ஆள் மறைதல் மற்றொன்று. பொருளில்லார்க்கு அது வாய்க்காமை பிறிதொன்று. மூன்றாவது குறையே மிகப் பெரிது. நம் சமூகத்திலே சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பெற்றோர் வாழ்வு எழுதப்பெற்றது குறைவு. பள்ளியிற் சம ஆசனத்துக்காகவும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகவும் நின்றோர் பலர். அவர்தந் தலைவர் சிலரின் பெயரை அறிவோம். வீதியில் நின்ற ஏனையோர் கதையைக் கேட்டோமல்லோம். கே. டானியல் 1972ஆம் ஆண்டில் 'பஞ்சமர்' என்னும் நாவலை எழுதினார். நாவல் செய்யத்தக்கதை அவர் செய்தார். சான்றாகப் பதிவு செய்ய வேண்டியது நம்மிடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது.

அழிவு விரைவு உடையது

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சிட்ட நூலுக்கு வேறொரு பிரதியேனும் எங்காவது கிடைக்கலாம். ஓரேயொரு பிரதியாயிருந்த ஏடு போனது போனதே. வீட்டுக்கு வீடு இருந்த சிறு நூலகங்களோ கணக்கில் வராமலே அழிந்தன.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அன்று எமக்கு வயது பதினைந்து. அன்னையார் காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஒரு பையில் இட்டார். அரிசியும் உடுப்பும் மற்றொரு பையில். எம் பேரனார் புகையிலைத் தோட்டக் கணக்கையும் மழை பெய்த நாள்களையும் எழுதி வைத்த கொப்பிகள் றங்குப் பெட்டியில் இருந்தன. "திரும்பி வரத்தானே போறம்" என்று அவற்றை விட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பினோம். பெட்டி திறந்து கிடந்தது. கொப்பி ஒன்றேனும் இல்லை. காணிக்கு உறுதி இருக்கின்றது. அக்காணியில் வியர்வை சிந்தியவர்க்கு உறுதி இல்லை. இந்நிலை எம் ஒரு வீட்டில் மாத்திரம் நேர்ந்ததன்று. இதனை வாசிக்கும் பழைய மாணவர் பலர்க்கும் இவ்வாறு இழந்த பெட்டியொன்று நினைவுக்கு வரும்.

கேட்கும் முறை

இனி, மாணவர்க்குப் பயன்படும்படி சில முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, தொழிலைக் கேட்டல். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் முதியோர் திகைப்பர். "புகையிலைக் கன்று நட்டபின் என்ன செய்வீர்கள்?" என்று தொடங்கினால் தண்ணீர் கட்டியது, புழுப் பிடித்தது, முனை முறித்தது, குடிலில் அடுக்கிப் பொச்சும் ஊமலும் எரித்துப் புகையூட்டியது, மலையாளத்துக்குச் சிப்பம் கட்டியது என வரிசையாய் வரும். தொழிலின் ஊடே கலியாணமும் கடனும் மரணமும் தாமே வெளிப்படும். கருவிகளின் பெயரை அவர் சொன்னபடியே எழுதுக. அவற்றுட் பல அகராதியிற் காணப்பெறாதவை.

இரண்டாவது, காலத்தை நிகழ்ச்சியாற் கேட்டல். ஆண்டு நினைவில் இல்லாதார்க்கும் நிகழ்ச்சி நினைவிலிருக்கும். கூப்பன் வந்த காலம் என்பார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். புயலடித்த வருஷம் என்பார். அது 1964ஆம் ஆண்டு மார்கழி. வெங்காயமும் மிளகாயும் விலைப்பட்ட காலம் என்பார். அது 1970ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகள். இவற்றைக் கொண்டு அவர்தம் வாழ்வுக்கு ஆண்டு குறித்தல் எளிது.

மூன்றாவது, சொன்னபடி எழுதுதல். பேச்சை இலக்கணப்படுத்தித் திருத்துவது நமக்குப் பழகிய கைப்பழக்கம். இவ்விடத்தில் அது வேண்டா. உ. வே. சாமிநாதையர் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' இன்றும் இனிப்பதற்குக் காரணம், ஏடு தேடிய பெருமை மாத்திரமன்று. தந்தையார் பட்ட கடனையும், சோறு கிடைத்த வீட்டையும், நடந்த வழியையும் அவர் மறையாது கூறியமையாம். புதுச்சேரிக்கு அண்மையில் வாழ்ந்த வீரம்மா என்னுங் கூலிப் பெண்மணி எழுத்தறியாதவர். அவர் தமிழிற் சொல்லியவற்றை யோசியான் ரசீன் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகள் அமர்ந்து கேட்டுப் பதிவு செய்தார். அது 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சிலும் 1997ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. எழுதத் தெரியாதவர்க்கும் நூல் உண்டாகலாம். கேட்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

நான்காவது, நினைவையும் ஆவணத்தையும் பிரித்து வைத்தல். முதியோர் நினைவு தவறுதல் இயல்பு. அவர் கூற்றை நாம் திருத்தி எழுதலாகாது. உறுதியிலோ பத்திரத்திலோ வேறாகக் கண்டால் அதனைக் கீழே தனியே குறிக்க வேண்டும். இரண்டும் பிற்காலத்தார்க்குப் பயன்படும்.

ஐந்தாவது, சம்மதம் பெறுதல். நம் நாட்டில் யாரிடங் கதை கேட்டாலும் ஓரிடத்தில் அது நின்றுவிடும். இழந்த பிள்ளையின் பெயர் வருமிடமாக அது இருக்கும். காணாமற் போனவரின் பெயர் வருமிடமாகவும் இருக்கலாம். அங்கே நாம் கொப்பியை மூடிவைத்து அவரோடு இருத்தலே முறை. சொல்ல விரும்பாததைக் கேளற்க. சொல்லியபின் மறைக்கச் சொல்வதை எழுதற்க. எழுதியதை அவர்க்கே முதலில் வாசித்துக் காட்டுக. கதை அவருடையது, நாம் எழுதுபவர் மாத்திரமே.

பேணலும் பகிர்தலும்

எழுதியதை எங்கே வைப்பது? ஓரிடத்தில் மாத்திரம் வைக்கலாகாது என்பதே 1981உம் 1995உம் நமக்குக் கற்பித்த பாடம். நம் அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகளைத் தேடி, 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சிட்டார். ஓர் ஏடு நூற்றுக்கணக்கான பிரதியாயிற்று. அதன்பின் அவை அழியவில்லை. பல பிரதியாதலே நூலுக்குக் காவல். இக்காலத்தில் 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடு கல்வெட்டுக்களையும் நினைவு மலர்களையும் சேர்த்து இணையவழி யாவர்க்கும் இலவசமாக வழங்கி வருகின்றது; வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்கின்றது. தாமோதரம்பிள்ளை ஏட்டுக்குச் செய்ததை இப்பணி நம் வீட்டுக் கல்வெட்டுக்குச் செய்கின்றதென்னலாம்.

எனவே இம்மலரை வாசிப்போர் யாவர்க்கும் ஒவ்வொரு கடமை உண்டென்போம். மாணவர்காள்! உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் விடுமுறையில் நான்கு மாலைப் பொழுதுகள் அமர்ந்து கேளுங்கள். கைத்தொலைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். பழைய மாணவர்காள்! கடல் கடந்து வாழும் உங்களிடத்தே இங்கு அழிந்துபோன கல்வெட்டுக்களும் கடிதங்களும் படங்களும் இருத்தல் கூடும். அவற்றின் பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் சொந்த வரலாற்றையும் எழுதுங்கள். முதல் நாட் பனியில் நடுங்கியதும், இரவு வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்பியதும் நாளை வரலாறாகும். ஆசிரியர்காள்! கட்டுரைப் பாடத்திற் பெரியார் வரலாற்றோடு, அப்புவின் வரலாற்றையும் ஆச்சியின் வரலாற்றையும் எழுதுவிப்போம். சிறந்தவற்றைப் பிரதி செய்து, ஒன்று கல்லூரியிலும் ஒன்று சொன்னவர் வீட்டிலும் ஒன்று எண்ணிம நூலகத்திலுமாக மூன்றிடத்தில் வைப்போம்.

அம்மூதாட்டியாரின் மகளார் வீட்டுக்கு நாம் மறுபடியுஞ் சென்றோம். இம்முறை தாள் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை, கேட்டு எழுதினோம். பதினெட்டுப் பக்கம் வந்தது. அதில் "உயர்குடி" இல்லை, "விருந்தோம்பல்" இல்லை, உரலும் உலக்கையும் முட்டைச் சில்லறையும் இருந்தன. வாசித்து முடித்ததும் மகளார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இப்ப அம்மா வந்திட்டா" என்றார்.

துலா மிதித்த முதியவர்க்கு அவ்வாறு செய்ய எம்மால் இனி இயலாது. அவரை ஒத்த ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இன்று இருப்பார். அடுத்த விடுமுறை வரை காத்திராது இவ்வாரமே அவர் வீட்டுப் படலையைத் திறந்து செல்லுங்கள்.